அம்மாவின் புற்றுநோய்க்கு நிலத்தை விற்க வேண்டுமா?

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆண்டிபட்டிப் பக்கம் கிராமம். அம்மாவுக்கு 49 வயது. மாதவிலக்கு நின்று இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடி ரத்தம் படத் தொடங்கியது, அதை யாரிடமும் சொல்லாமல் ஐந்து மாதம் மறைத்துவிட்டார். சதை எடுத்துப் பார்த்ததில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், நிலை 2பி என்று எழுதியிருக்கிறார்கள். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை நான்கு லட்சம் ஆகும் என்று கணக்குக் கொடுத்திருக்கிறது. வீட்டில் இருப்பது ஒரு ஏக்கர் முருங்கைத் தோட்டம். மாமா நாட்டு மருந்து வாங்கித் தருவதாகச் சொல்கிறார், சித்தப்பா கத்தி பட்டாலே நோய் பரவிவிடும் என்கிறார். நிலத்தை விற்கலாமா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அம்மா உங்களிடம் கேட்ட ஒரே கேள்வி, முடி கொட்டுமா என்பதுதான் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் அல்ல. தென் மாவட்டங்களிலிருந்து வரும் புற்றுநோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனையில் 26 ஆண்டுகள் சமூகப் பணியாளராக இருந்தேன். காப்பீட்டு அட்டை வாங்கிக் கொடுப்பது, தங்க இடம் பார்ப்பது, பாதியில் நின்றுபோனவர்களைத் தேடி ஊருக்குப் போவது, இவைதான் என் வேலை. மருந்தைப் பற்றி மருத்துவர் சொல்வதே கடைசி வார்த்தை. பணத்தையும் நாட்களையும் பற்றி மட்டும் என்னால் உறுதியாகப் பேச முடியும்.

நிலத்தை இப்போது விற்காதீர்கள். விற்கவே தேவைப்படாமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நோயைப் பற்றி. 2பி என்றால் கட்டி கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுக்களுக்குள் போயிருக்கிறது, ஆனால் இடுப்பெலும்புச் சுவரைத் தொடவில்லை என்று பொருள். இந்த நிலையில் வழக்கமாக அறுவைச் சிகிச்சை செய்வதில்லை. கதிர்வீச்சுதான் முக்கிய மருத்துவம். நம் பக்கத்தில் அதைக் கரண்ட் வைப்பது என்பார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு முறை, பெரும்பாலும் 25 முறை வெளியிலிருந்து வைப்பார்கள். அதோடு வாரம் ஒருநாள் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அதன் பிறகு கருவியை உள்ளே வைத்து மூன்று நான்கு முறை உள் கரண்ட். எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். முழுதாக முடித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். இந்த நோய் வந்தாலே மரணம்தான் என்று ஊரில் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இந்த மருத்துவம் எதுவும் புதிதல்ல. சிஸ்பிளாட்டின் 1970-களின் இறுதியிலிருந்தே உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது, விலையும் குறைவு. அரசு மருத்துவமனையில் ஏற்றினாலும் தனியாரில் ஏற்றினாலும் அதே மருந்துதான், அதே அளவுதான். தனியாரில் காத்திருக்கும் நேரம் குறைவு, நாற்காலி இருக்கும், கழிப்பறை சுத்தமாக இருக்கும், விளக்கிச் சொல்ல ஆள் இருப்பார்கள். நோயாளிக்கு இதெல்லாம் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்காக ஒரு குடும்பத்தின் நிலம் போக வேண்டியதில்லை.

இந்த நோயில் ஏழைகளைக் கொல்வது பெரும்பாலும் மருந்து இல்லாமை என்று நான் நினைக்கவில்லை. தாமதமும் பாதியில் நிற்பதும்தான் கொல்கின்றன. தாமதம் உங்கள் விஷயத்தில் ஐந்து மாதம் ஆகிவிட்டது, அதை இனி மாற்ற முடியாது. பாதியில் நிற்பதை மாற்றலாம். நான் இனிச் சொல்லப் போவது எல்லாமே அதைத் தடுப்பதற்காகத்தான்.

பத்துப் பதினைந்து கரண்ட் வைத்தவுடன் அம்மாவுக்கு ரத்தப்போக்கு நின்றுவிடும். நாற்றம் போய்விடும், இடுப்பு வலி குறையும். ஒருநாள் காலையில் உங்களிடம், “எனக்குச் சரியாகிவிட்டது, தோட்டத்தில் காய் முற்றிக் கிடக்கிறது, ஊருக்குப் போகலாம்” என்பார். நீங்களும் கையில் இருந்த காசு கரைந்துபோன நிலையில் இருப்பீர்கள். மருத்துவமனையில் அன்று யாரும் உங்களைத் தடுத்து நிறுத்தமாட்டார்கள், ஏனென்றால் அடுத்த முந்நூறு பேர் வரிசையில் நிற்பார்கள். இப்படித்தான் போகிறார்கள். நான்கைந்து மாதம் கழித்துத் திரும்பி வரும்போது கட்டி முன்பைவிடப் பெரிதாக இருக்கும். ஒரே இடத்தில் மறுபடி முதலிலிருந்து கரண்ட் வைக்க முடியாது, உடல் தாங்காது. முதல் முறை கிடைக்கும் வாய்ப்புதான் முழு வாய்ப்பு. எட்டு வாரத்தைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு நாளும் நோய் கட்டுப்படும் வாய்ப்பை அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த கணக்கு. திருவிழாவுக்கு நான்கு நாள், துக்க வீட்டுக்கு மூன்று நாள் என்று விடுப்பு எடுப்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்லிச் சண்டை போடுவேன்.

கடமலைக்குண்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதியை மறக்க முடியவில்லை. கணவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எண்கள் மட்டும் தெரியும். வீட்டிலிருந்த தினசரி நாட்காட்டியை அப்படியே கழற்றிக் கொண்டுவந்திருந்தார். மனைவி கரண்ட் வைத்துவிட்டு வெளியே வந்ததும் அன்றைய தாளைக் கிழித்து, அதில் 1, 2, 3 என்று எண் போட்டு, ஒரு கம்பியில் கோத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். எந்திரம் பழுதான நாளின் தாளையும் கிழித்தார், ஆனால் எண் போடவில்லை. எண் போட்ட 25 தாள் சேர்ந்த அன்று அந்தக் கம்பியை என் மேசைமீது வைத்துவிட்டு, “அம்மா, எண்ணிப் பாருங்கள்” என்றார். இன்னும் உள் கரண்ட் நான்கு இருக்கிறது என்று சொன்னேன். முகம் வாடியது. மறுநாள் புதுக் கம்பியோடு வந்தார். அந்த அம்மா ஒன்பது ஆண்டுகள் தவறாமல் மறுபரிசோதனைக்கு வந்தார். நீங்களும் ஒரு நாட்காட்டி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. உள் கரண்ட் முடிந்தால்தான் மருத்துவம் முடிந்தது. வெளிக் கரண்ட் முடிந்ததுமே வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். அதை மட்டும் செய்யாதீர்கள்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடப்பில் இருக்கிறது. 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு சேர்க்கப்பட்ட பிறகு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கதிர்வீச்சு, கீமோ, அறுவை மூன்றும் அதில் வருகின்றன. அரசு மருத்துவமனையிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் செல்லும். உங்களிடம் அட்டை இருக்கிறதா என்று எழுதவில்லை. இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையையும் எல்லோருடைய ஆதாரையும் எடுத்துக்கொண்டு தேனி ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். அம்மா நேரில் வந்து புகைப்படம் எடுக்க வேண்டியிருக்கும். அட்டை வரும்வரை மருத்துவத்தைத் தள்ளிப் போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் சேர்ந்துவிட்டு, அங்கேயே இருக்கும் காப்பீட்டுப் பிரிவில் சொன்னால் வழி காட்டுவார்கள்.

அட்டையோடு திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போனால், சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் அவர்கள் ஒப்புதல் வாங்க வேண்டும். திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்கு உங்களிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது கேட்ட உடனே பாதிப் பேர் கேட்பதை நிறுத்திவிடுவார்கள், இது நான் பல முறை பார்த்தது. அரசின் 104 எண்ணில் அழைத்தும் விசாரிக்கலாம்.

நான் உங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்தால் எங்கே போவேன் என்றால், மதுரை அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு. அது பாலரங்காபுரத்தில் இருக்கிறது, கதிர்வீச்சு எந்திரமும் அங்கேயே இருக்கிறது. கானாவிலக்கில் உங்களுக்கு அருகிலேயே இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு போனால் அலைச்சல் குறையும். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த மருத்துவமனை பிறந்த கதையே உங்கள் நிலைமையைப் போன்றதுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்தார். அந்தத் துயரத்தைச் சுமந்தே 30 ஆண்டுகள் போராடி, 1954-ல் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். பணம் இல்லாதவர் என்று யாரையும் திருப்பி அனுப்பாத மருத்துவமனையாக அதை வளர்த்தவர் டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். அங்கே உங்கள் அம்மாவுக்கு நல்ல மருத்துவம் கிடைக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எட்டு வாரம் சென்னையில் இரண்டு பேர் தங்க வேண்டும். ஆண்டிபட்டியிலிருந்து மதுரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். உங்கள் அம்மாவுக்குத் தேவையான மருத்துவம் மதுரையிலேயே இருக்கிறது. கருத்துக் கேட்க ஒருமுறை சென்னைக்குப் போய் வருவதென்றால் போய் வாருங்கள். மருத்துவமனையில் கையொப்பம் வாங்கிய சலுகைப் படிவம் இருந்தால், தூங்கும் வசதிப் பெட்டியில் புற்றுநோயாளிக்கு ரயில் கட்டணம் கிடையாது, துணைக்குப் போகிறவர் கால்பங்கு கட்டினால் போதும்.

மருத்துவம் இலவசமாகக் கிடைத்தாலும் செலவு இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நாளுக்கு இரண்டு பேர் போக்குவரத்தும் சாப்பாடும் 400 ரூபாய் என்று வையுங்கள். 40 நாளுக்கு 16,000. வெளியில் எடுக்கச் சொல்லும் ஸ்கேன், ரத்தம், சத்துணவு, அவசரத்துக்கு ஆட்டோ என்று இன்னொரு 15,000. அப்பாவும் நீங்களும் மாறி மாறிப் போவதால் இழக்கும் கூலி அதற்கு மேல். ஆக உங்களுக்குத் தேவை நான்கு லட்சம் அல்ல, ஐம்பது அறுபதாயிரம். அதுவும் முதல் நாளே தேவையில்லை, எட்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. இந்த அளவு பணத்தை நிலத்தை விற்காமல் திரட்டலாம். ஆனால் மருத்துவத்தைத் தொடங்கும்போதே முழுத் தொகைக்கும் வழி பார்த்து வைத்துவிடுங்கள். ஐந்தாவது வாரத்தில் காசுக்கு அலைகிறவர்கள்தான் மீட்டர் வட்டிக்காரனிடம் போய் விழுகிறார்கள், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்புகிறார்கள். அம்மாவின் மகளிர் குழுவில் கேளுங்கள். நகை இருந்தால் கூட்டுறவு வங்கியில் வையுங்கள், தனியார் அடகுக் கடையில் வேண்டாம். உறவினர்கள் வந்து பார்க்கும்போது ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வருவார்கள். கூச்சப்படாமல், “அதற்குப் பதில் பஸ் செலவுக்குக் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். கேட்கப் பழக வேண்டும் தம்பி. என்னிடம் வந்த பல குடும்பங்களுக்கு உதவி கிடைக்காமல் இல்லை, கேட்க வாய் வரவில்லை.

தினமும் போய் வருவதா, தங்குவதா? முதல் இரண்டு வாரம் போய் வரலாம். அதன் பிறகு கழிச்சலும் களைப்பும் வரும். மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார முடியாது. புற்றுநோயாளிகளைத் தங்க வைக்கும் அறக்கட்டளை விடுதிகள் பெரிய மருத்துவமனைகளுக்கு அருகில் இருக்கும். மருத்துவமனையின் சமூகப் பணியாளரை முதல் நாளே தேடிப் பிடித்துக் கேளுங்கள். அல்லது வார்டிலேயே சேர்த்துக்கொள்ளச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள், தூரத்திலிருந்து வருகிறோம் என்றால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

மாமாவின் நாட்டு மருந்தைப் பற்றி. அவர் அன்பில்தான் சொல்கிறார், அவரோடு சண்டை வேண்டாம். ஆனால் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. ஒவ்வொரு வாரமும் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்த பிறகுதான் ஏற்றுவார்கள். என்ன சேர்த்திருக்கிறார்கள் என்றே தெரியாத சூரணத்தை அந்த நேரத்தில் உள்ளே கொடுத்துச் சிறுநீரகம் கெட்டால், ஏற்ற வேண்டிய மருந்தை நிறுத்த வேண்டிவரும். “எட்டு வாரம் முடியட்டும் மாமா, அதன் பிறகு மருத்துவரைக் கேட்டுக்கொண்டு பார்க்கலாம்” என்று சொல்லுங்கள்.

சித்தப்பா சொல்லும் கத்தி பட்டால் பரவும் என்ற பயத்தை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். சதை எடுத்துச் சோதிப்பதால் இந்த நோய் பரவுவதில்லை, சோதிக்காமல் மருத்துவமே தொடங்க முடியாது. ஆனால் தவறான கத்தி உண்மையிலேயே கெடுதல் செய்யும். ரத்தப்போக்கு என்று ஒரு சின்ன மருத்துவமனைக்குப் போன பெண்ணுக்கு, எந்தச் சோதனையும் செய்யாமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எடுத்த சதையைச் சோதனைக்கும் அனுப்பவில்லை. எட்டு மாதம் கழித்து என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது காலில் வீக்கம், சிறுநீர் போகவில்லை. அவருக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்தது கரண்ட்தான், அறுவை அல்ல. அதற்காக அந்தக் குடும்பம் ஒரு ஜோடி உழவு மாட்டை விற்றிருந்தது. உங்களிடமும் யாராவது கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று சொன்னால், புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பார்க்காமல் சம்மதிக்க வேண்டாம்.

சதைப் பரிசோதனை செய்த இடத்தில், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் ஸ்லைடு என்ற கண்ணாடிச் சில்லுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவை உங்களுடையவை. மதுரையில் மறுபடி பார்க்க வேண்டும் என்றால் அவற்றைக் கொடுத்தால் போதும், மீண்டும் சதை எடுக்க வேண்டாம். எல்லாத் தாளையும் ஒரே ஃபைலில் தேதிவாரியாக வையுங்கள். ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் பிடித்து அக்காவுக்கும் அனுப்பிவையுங்கள். மழையில் நனைந்துபோன ஃபைலோடு எத்தனையோ பேர் அழுதுகொண்டு வந்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழு கிராம்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைச் சாதாரணமாக விடாதீர்கள். ரத்தசோகை இருந்தால் கட்டிக்குப் போகும் உயிர்வளி குறையும், கரண்ட் சரியாகப் பிடிக்காது. பத்துக்கு மேல் கொண்டுவர மருத்துவர்கள் ரத்தம் ஏற்றுவார்கள். ரத்தம் கொடுக்க ஊரிலிருந்து நாலு இளைஞர்களை இப்போதே பேசி வையுங்கள்.

கரண்ட் தொடங்கும்போது அடிவயிற்றில் மையால் கோடு போடுவார்கள். அது எந்திரம் குறிவைக்கும் இடம். அதைச் சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது, அந்த இடத்தில் எண்ணெய், மஞ்சள் எதுவும் கூடாது. கழிச்சல் வந்தால் தயிர்ச் சாதம், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள், நிற்காவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்து ஏற்றிய பிறகு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் மட்டும் காத்திருக்கவே கூடாது. உள்ளூரில் ஊசி போட்டுப் பார்ப்போம், விடியட்டும் என்று நினைக்கக் கூடாது. வெள்ளை அணு குறைந்த உடலில் கிருமி ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். நடு இரவானாலும் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள், கீமோ போட்டிருக்கிறோம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை, கர்ப்பப்பைப் புண் என்றே சொல்லியிருக்கிறோம் என்கிறீர்கள். சொல்லிவிடுங்கள் தம்பி. பயந்துவிடுவார் என்று நினைக்கிறீர்கள். ஆனால் கரண்ட் அறைக்கு வெளியே பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் உட்காரும் பெண் அவருக்கு வாசித்துக் காட்டுவார். அப்போது உங்கள்மேல் உள்ள நம்பிக்கை போகும். அதைவிட முக்கியம், வெறும் புண் என்று நினைப்பவருக்கு ரத்தம் நின்றதும் வேலை முடிந்தது. புற்றுநோய், முழுதாக முடித்தால் பிழைக்கலாம் என்று தெரிந்தவர்தான் இருபத்தைந்தாவது நாளும் எழுந்து வருவார். இரவில், எல்லோரும் தூங்கிய பிறகு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களே சொல்லுங்கள். புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது, ஒரே தட்டில் சாப்பிடலாம் என்றும் சொல்லுங்கள். இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற கிருமி. மணமான பெண்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து போவது, யாருடைய ஒழுக்கத்தோடும் இதற்குத் தொடர்பில்லை. ஐந்து மாதம் அம்மா வாய் திறக்காமல் இருந்ததற்கு அந்த வெட்கம்தான் காரணமாக இருந்திருக்கும். யாரும் அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

அக்காவுக்கு 34 வயது, பயப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நோய் பரம்பரையாக வருவதல்ல. ஆனால் 30 வயது தாண்டிய எல்லாப் பெண்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அது எத்தனை எளிது என்று உங்கள் பக்கத்து மாவட்டமே உலகத்துக்குக் காட்டியிருக்கிறது. ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையை மையமாக வைத்து, திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-ம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள், நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அதே பொருளை, கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து வெறும் கண்ணால் பார்த்தார்கள். கெட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். தெரிந்தால் அந்த இடத்தைக் குளிரூட்டி அழிக்கும் சிகிச்சையும் பெரும்பாலும் அன்றே. ஏறத்தாழ 49,000 பெண்கள் வாழ்ந்த பகுதிகளில் இதைச் செய்தார்கள். 2007-ல் வெளிவந்த முடிவின்படி, சோதனை நடக்காத பகுதிகளோடு ஒப்பிட, அங்கே இந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது. ஆய்வகம் இல்லை, பெரிய மருத்துவர் இல்லை, பஞ்சும் வினிகரும் ஒரு விளக்கும் ஒரு செவிலியரும். உங்கள் தேனி மாவட்டமும் தஞ்சாவூரும்தான் அரசு இந்தச் சோதனையை முன்னோட்டமாக நடத்திப் பார்த்த மாவட்டங்கள். இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கிறார்கள். அக்காவை அனுப்புங்கள், கூட இரண்டு அத்தைமாரையும். அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது ஆகிவிட்டதென்றால் எச்.பி.வி. தடுப்பூசி பற்றியும் அங்கே கேட்கச் சொல்லுங்கள்.

மருத்துவம் பலிக்காமல் போனால் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் வரிகளுக்கு நடுவில் அது இருந்தது. பலிக்காமலும் போகலாம். அப்போதும் நிலத்தை விற்காதீர்கள். அந்த நேரத்தில்தான் யாராவது வந்து கடைசியாக ஒரு மருந்து இருக்கிறது, பத்து லட்சம் என்பார்கள். அந்த நிலையில் அம்மாவுக்கு வேண்டியது வலியில்லாத நாட்கள். மார்ஃபின் மாத்திரை விலை மலிவானது. வலி வந்த பிறகு தராமல், கடிகாரம் பார்த்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால், கொடிய வலியும் அடங்கும். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். வலிக்காகக் கொடுக்கும்போது அடிமையாகிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் வலி தணிப்புப் பிரிவு இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கே வந்து பார்ப்பதும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவைக்கலாம். இதை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு மருத்துவத்தில் மனதைச் செலுத்துங்கள்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். குடும்ப அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை, சதைப் பரிசோதனை முடிவு, கண்ணாடிச் சில்லு, ஒரு தண்ணீர்க் குப்பி, அம்மாவுக்கு மாற்றுச் சேலை ஒன்று. புறநோயாளி வரிசையில் எப்படியும் மதியம் ஆகிவிடும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

அம்மா கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அடிவயிற்றில் கரண்ட் வைப்பதால் தலைமுடி கொட்டாது. சிஸ்பிளாட்டினை வாரம் ஒருமுறை இந்த அளவில் ஏற்றும்போது, சீவினால் சீப்பில் கொஞ்சம் கூடுதலாக வரலாம், அவ்வளவுதான். வழக்கம்போல் தலை பின்னி, பூ வைத்துக்கொண்டே மதுரைக்கு வரலாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.